எட்டு சுவிட்சுப் பலகையின் முன் நின்ற அமலோற்பவம் அம்மையாருக்கு

கணினித் துறை ஆய்வகத்தின் கதவை முப்பத்தோராண்டு காலம் காலை எட்டே முக்காலுக்குத் திறந்தவரே, சி மொழியின் குறிகளை எங்கள் பிள்ளைகளுக்கு அச்சமின்றிப் பழக்கியவரே, எவர் மீதும் குரல் உயர்த்தாமல் எவரையும் திருத்த வல்லவரே, மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு வயல்களிலிருந்து வந்து இக்கல்லூரியின் முதுகெலும்பாய் நின்ற ஆய்வகப் பயிற்றுநர் திருமதி அமலோற்பவம் அம்மையாரே, வணக்கம்.

பணி நிறைவு பெறும் உங்களுக்கு மடல் எழுதும் பொறுப்பை, இத்துறையின் முன்னாள் தலைவன் என்ற முறையில் ஆசிரியர்களும் அலுவலர்களும் என்னிடம் தந்தார்கள். புகழ்ந்து நான்கு பத்தி எழுதித் தருவது எனக்குக் கடினமன்று. ஆனால் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் தாளில் உண்மை குறைந்திருக்கலாகாது. ஆகவே ஒன்பதாண்டுகளுக்கு முந்தைய ஐப்பசி மாதத்தை இந்த அவையில் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

அந்த ஆண்டு முதல் மாணவர் வருகைப் பதிவு கணினிக்கு மாறியது. அதற்கான புரோகிராமை எழுதியவர் அப்போது துறையில் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்த விரிவுரையாளர் இளஞ்செழியன், என் மகன். பருவத்தின் தொண்ணூறு நாளுக்கும் நாளுக்கொரு பிட். வந்தால் ஒன்று, வராவிட்டால் பூச்சியம். ஒரு மாணவரின் பருவம் முழுவதும் பன்னிரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடும். சிக்கனமான, அழகான வேலை. மூன்று தலைமுறையாகக் கணக்கு ஆசிரியர்கள் இருக்கும் வீடு எங்களுடையது. அதைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தேன்.

அந்த மழையில் கல்வராயன் மலைப் பாதையில் மண் சரிந்து ஆறு நாள் பேருந்து ஓடவில்லை. மலை மாணவர்கள் அந்த ஆறு நாளும் வந்ததாகவே பதியலாம் என்று கல்லூரி முதல்வர் ஆணையிட்டார். இளஞ்செழியன் நான்கு வரி எழுதி, மலை மாணவர் அனைவருக்கும் அந்த ஆறு பிட்டுகளையும் மாற்றினார். மறுவாரம் வருகைக் குறைவுப் பட்டியல் வந்தது. தேர்வு எழுத அறுபத்தெட்டு நாள் வேண்டும். மலையிலிருந்து வந்து படித்த இரண்டாமாண்டு மாணவி காசியம்மாளுக்கு அறுபத்தைந்து என்றது பட்டியல். ஹால் டிக்கெட் இல்லை, ஓராண்டு வீண்.

அந்தப் பெண் என் மேசை முன் வந்து நின்றாள். "அந்த ஆறு நாளும் நான் வந்தேங்க சார். வடக்கனந்தல் வரைக்கும் நடந்தே எறங்கி, எங்க மாமா வூட்டுல தங்கிக்கினு வந்தேங்க" என்றாள். பேருந்து ஓடாத நாளில் மலையிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். புரோகிராம் தப்பாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

சற்று நேரத்தில் அவளுடைய ஆய்வக நோட்டோடு நீங்கள் வந்தீர்கள். அந்த ஆறு நாள் தேதியிலும் உங்கள் பச்சை மைக் கையெழுத்து இருந்தது.

"என் பையன் எழுதினதும்மா அது. அதுல தப்பு வராது" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்ல வரல சார். அந்தப் பொண்ணு வந்துச்சு, அதைத்தான் சொல்றேன். ஒரு அஞ்சு நிமிஷம் லேபுக்கு வர்றீங்களா?"

ஆய்வக வாசலில் எட்டு குழல்விளக்குகளுக்கான எட்டு சுவிட்சுப் பலகை. அதைக் காட்டித்தான் நீங்கள் ஒவ்வோராண்டும் எட்டு பிட் சேர்ந்த ஒரு பைட்டை விளக்குவது வழக்கம். அன்று இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"எட்டும் எரியணும் சார். ஒவ்வொண்ணையும் ஒரு தடவை தட்டுங்க" என்றீர்கள்.

தட்டினேன். ஆறு எரிந்தன. முன்பே எரிந்துகொண்டிருந்த இரண்டும் அணைந்தன.

"அணைஞ்சதுல ஒண்ணுதான் சார் காசியம்மா."

சி மொழியை இருபதாண்டு நடத்தியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆர் (OR) என்ற குறி பூச்சியத்தை ஒன்றாக்கும், ஒன்றை ஒன்றாகவே விட்டுவிடும். எக்ஸார் (XOR) என்ற குறி இருப்பதைத் தலைகீழாக்கும். ஆர் வரவேண்டிய இடத்தில் என் மகன் எக்ஸார் போட்டிருந்தான். மலையில் அகப்பட்டுக்கொண்டவர்களெல்லாம் வந்தவர்கள் ஆனார்கள். மழையில் நடந்து வந்த ஒருத்தி வராதவள் ஆனாள். சோதித்துப் பார்த்தபோது பிழை தெரியவில்லை, ஏனென்றால் சோதனைக்கு அவன் எடுத்துக்கொண்ட பெயர்களில் அந்த நாட்களில் வந்தவர் ஒருவர்கூட இல்லை. வந்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவே இல்லை.

இளஞ்செழியனை அங்கேயே வரவழைத்தேன். நீங்கள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "அதே ஆறு நாளுக்கு அதையே இன்னொரு வாட்டி ஓட்டுங்க தம்பி, பழசு அப்படியே திரும்பி வந்துரும். அப்புறம் ஆர் போட்டு ஓட்டுங்க. எதுவும் கெட்டுப்போகல" என்றீர்கள். அப்படியே ஆயிற்று. அறுபத்தைந்து எழுபத்தொன்றானது.

இதுவரை இங்கே பலருக்குத் தெரியும். இனிச் சொல்வது சென்ற மாதம் வரை நம் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

திருத்திய பட்டியல் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். அதற்கு என் கையெழுத்தும், பிழைக்கான காரணமும் வேண்டும். ஆய்வகத்தில் வருகை பதிந்ததில் ஏற்பட்ட கவனக்குறைவு என்று நான் எழுதினேன். அதற்கு நீங்கள் ஒப்பினால்தான் கையெழுத்திடுவேன் என்றும் சொன்னேன். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். "அந்தப் பொண்ணு பரீட்சை எழுதணும் சார். குடுங்க" என்று வாங்கிக் கையெழுத்திட்டீர்கள். மறுநாள் உங்களுக்கு ஒரு மெமோ வந்தது. உங்கள் பணிப்பதிவேட்டில் இருக்கும் ஒரே கறை அதுதான். அதை வைத்தவன் நான்.

சென்ற மாதம் உங்கள் ஓய்வுத் தாள்களுக்காக அந்தப் பதிவேட்டை எடுத்த இளஞ்செழியன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"இன்னாப்பா இது? யாருக்காக இப்படிப் பண்ணே?"

"நம்ம வூட்டுப் பேருக்காகத்தான்டா."

"நம்ம பேரா? அது ஒம்போது வருஷமா அவங்க பதிவேட்டுலதான கெடக்குது."

குடும்ப மானம் என்று நான் காத்து வந்தது அத்தனையும் நீங்கள் வாய் திறவாமல் எனக்குக் கொடுத்த கடன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். மறுநாள் காலை நடந்ததை நடந்தபடி எழுதி, தந்தையும் மகனுமாகக் கையொப்பமிட்டு முதல்வரிடம் கொடுத்தோம். அந்த மெமோவை நீக்கி அவர் நேற்று ஆணை பிறப்பித்தார். அதன் நகல் இந்தச் சட்டத்தின் பின்பக்கம் செருகப்பட்டிருக்கிறது. முன்பக்கம் இந்த மடல் இருக்கிறது, வருவோர் படிக்கட்டும்.

அம்மையாரே, உங்கள் கையில் சி மொழி கற்றவர்கள் இன்று சேலத்திலும் சென்னையிலும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான காசியம்மாள் இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, மலையிலிருந்து தன் தந்தை சடையனையும் அழைத்து வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். பேருந்து இன்று ஓடுகிறது. ஓடாவிட்டாலும் அவள் வந்திருப்பாள் என்பதை இப்போது நான் அறிவேன்.

மூட்டுவலி விலகி, கண்ணொளி குன்றாமல், பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே நெடுங்காலம் நலமாக வாழுங்கள். காலை எட்டே முக்காலுக்கு இனி நீங்கள் எங்கும் ஓட வேண்டாம். முப்பத்தோராண்டு, மழையிலும் வெயிலிலும், நீங்கள் வந்தீர்கள். பதிவேட்டில் இப்போது அது உள்ளபடியே இருக்கிறது.

தலைகுனிந்த நன்றியுடன்,
இளஞ்செழியன் (முதற்கையொப்பம், அவர் கேட்டுக்கொண்டபடி)
சுப்புராயன், முன்னாள் துறைத் தலைவர்
மற்றும் கணினித் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள்,
கள்ளக்குறிச்சி