மாப்பிள்ளையை அளந்த நூல்

ராஜபாளையத்தில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் சீட்டிலிருந்த ஒரு அம்மாள், பக்கத்திலிருந்த பால்வாடி டீச்சரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"டீச்சர், உங்க பாடத்தால எங்க நாத்தனா கல்யாணம் நின்னுரும் போல."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பேப்பர் படிக்கலாம் என்றிருந்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"எண்ணுறதுக்கு முந்தி நீளம் குட்டை தெரியணும்னு பிள்ளைக கையில ஆளுக்கொரு நூலைக் குடுத்தீகள்ல? நேத்து மம்சாபுரத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாக. எம்மவ மாப்பிள்ளையை எந்திரிக்கச் சொல்லி அளந்துட்டா. பொறவு பொண்ணையும் அளந்தா."

"பொறவு?"

"'அத்தைதான் உசரம், மாமா குட்டை'ன்னு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொல்லிட்டா."

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டாரா?"

"வாசல்ல கிடக்கிற குதிகால் உசந்த செருப்பைப் போட்டுக்கிட்டு வாரேன், அதோட சேத்து அளன்னாரு. இவ மாட்டேன்னுட்டா. செருப்பைச் செருப்போடதான் சேக்கணும், மனுசங்களோட சேக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காகன்னா."

டீச்சர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார்.

"அடி ஆத்தி! வகை பிரிக்கிறதை முந்தாநாள்தானே சொல்லிக் குடுத்தேன். அதுக்குள்ளயா பிடிச்சுக்கிட்டா!"