தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு மணி நேரம்

மத்தியானம் பன்னிரண்டரை. செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி போகிற ரோடு... முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. உச்சி வெயிலில் பேய் வருமா என்று சிரிக்காதீர்கள். கரண்ட் வரும் வரைக்கும் நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். இது நம் வெங்கடேஷ்பாபுவின் மச்சான் கிரிதரனுக்கு நடந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், அக்னி நட்சத்திரம்.

கிரிதரன் மதுரையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். வண்டியில் போகிறான். பையில் சீல் பிரிக்காத புது ஹார்டு டிஸ்க். வயிறு முழுக்கக் கோபம். உசிலம்பட்டி போட்டோ ஸ்டுடியோ மலையாண்டி மேல் கோபம்... அதைவிடத் தன் மேல்.

அந்த ஸ்டுடியோ கம்ப்யூட்டரை எப்போது போட்டாலும் திரையில் எச்சரிக்கை வரும். டிஸ்க் சாகப் போகிறது, உள்ளே இருப்பதை உடனே வேறிடத்தில் எழுதி வை என்று. மலையாண்டி எஃப் ஒன் பட்டனைத் தட்டித் தாண்டிப் போவார். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஒரு நாள் கிரிதரனைக் கூப்பிட்டார்.

“மாப்ள, கஸ்டமர் முன்னாடி அசிங்கமா இருக்கு. அந்த எழுத்தே வராமப் பண்ணிரு.”

“அண்ணே, மொதல்ல படத்தையெல்லாம் சிடியில ஏத்துங்க. இது ரொம்ப நாள் தாங்காது.”

“ஏத்திக்கிறேன். நீ சொன்னதச் செய்யி.”

செய்தான். எச்சரிக்கையை அணைத்தான். மலையாண்டி ஒரு சிடிகூட எழுதவில்லை, பாவி. டிஸ்க் செத்தது. அதோடு போனது ராக்கம்மாள் மகளின் கல்யாணப் படங்கள். ஆல்பம் போடுவதற்குள் அந்தப் பெண் பஸ் மோதி இறந்திருந்தாள். அவள் முகத்துக்கு வேறு படமே கிடையாது. தாய்க்காரி வந்து கேட்டால், “கம்ப்யூட்டர்காரன் வரட்டும்” என்று சொல்லியே அலைக்கழித்திருக்கிறார். கிரிதரனுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. புது ஆர்டர் வந்ததும் புது டிஸ்க் கேட்டு அன்று காலையில்தான் போட்டார். போகிற போக்கில் இந்தக் கதையையும் சொன்னார்.

ஸ்டுடியோ வாசலில் சிமெண்டு பெஞ்சு. பொட்டு நிழல் இல்லை. ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியில் முடிந்த ரசீது. அழுகின மாலை வாசம். எங்கிருந்தோ சாகப்போகிற டிஸ்க் போடும் சத்தம்... டக்... டக்... கிர்ர்... டக்.

“கம்ப்யூட்டர் தம்பி நீதானா?”

“ஆமாம்மா.”

“சாகப் போறேன்னு அது சொல்லுச்சாமே. அது வாய அடச்சது ஆரு?”

கிரிதரன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். பழைய டிஸ்க் மேஜை மேல் வயர் இல்லாமல் கிடந்தது. அப்புறம் என்ன சத்தம் அது...

“அந்தம்மாவ ஏண்ணே வெயில்ல உக்கார வச்சிருக்கீக? நீங்கள்லாம் மனுஷனா?”

மலையாண்டி முகத்தில் ரத்தம் இல்லை. “ராக்கம்மாளா? படம் வாங்காமப் போக மாட்டேன்னு முப்பத்தெட்டு நாளு ராவும் பகலுமா அந்தப் பெஞ்சுலயேதான் கெடந்துச்சு. அங்கயே போயிச் சேந்துருச்சு மாப்ள. மூணு நாளாச்சு.”

கிரிதரன் வெளியே வந்தான். பெஞ்சு காலி. தொட்டுப் பார்த்தான். அந்த வெயிலில்... பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

வேலையை முடித்து ஓடிவிடலாம் என்று சீலைக் கிழித்துப் புது டிஸ்க்கை மாட்டினான். டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கிற சாஃப்ட்வேரைத் திறந்தான். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது என்றும் அது காட்டும். புது டிஸ்க்குக்குச் சைபர்தான் இருக்க வேண்டும்.

தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு.

இருபத்து நாலால் வகுத்தான். நாற்பத்தொரு நாள். உயிரோடு முப்பத்தெட்டு... செத்த பிறகு மூன்று.

பின்னால் நின்ற மலையாண்டி மெதுவாகச் சொன்னார். “அந்த நம்பர வராமப் பண்ணிரு மாப்ள.”

“மாட்டேன்” என்றான் கிரிதரன். டிஸ்க்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். கோச்சடையில் தன் வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் அதே நேரம் எடுத்து மாட்டிப் பார்த்தான். வயரே படாமல் பூட்டிக் கிடந்த டிஸ்க்... ஆயிரத்து எட்டு. சரியாக இருபத்து நாலு மணி நேரம் கூடியிருந்தது.

வாசல் பக்கம் சத்தம் கேட்டது. டக்... டக்... கிர்ர்... கதவைத் திறந்தான். யாரும் இல்லை. மொட்டை வெயில். குனிந்து வாசற்படியைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது.