ஒரு சொட்டுகூட இல்லாம

எளநியா? எளநியும் ஆகாதுங்க தம்பி. ஓரமா வெய்ங்க. நர்சு என்ன சொல்லுச்சு? ராத்திரிக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னுதான? அப்பறம் என்னத்துக்கு அம்மாவுக்குன்னு வெட்டீட்டு வந்து நிக்கறீங்க. பாவமாத்தான் இருக்கும். இருக்கட்டும். மயக்கத்துல கெடக்கறப்ப வவுத்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழாயில போயிருமாமா. என்னய நம்பலீன்னா அந்த நர்சயே கேட்டுக்கோங்க. வரட்டும், உக்காருங்க.

எனக்கெப்படித் தெரியுமா? எங்கூட்ல பட்டதுதான். புதுச்சத்திரம் நாங்க. எங்கூட்டுக்காரி பேரு கந்தம்மாள். வெரதம்னா அவள அடிச்சுக்க ஆளில்ல. பொரட்டாசிச் சனிக்கெழமையானா நைனாமலை ஏறி எறங்கற வரைக்கும் சோத்தத் தொடமாட்டா. போன வாரம் வவுத்துக் கட்டி ஆப்ரேசனுக்குக் கூட்டியாந்தோம். வவுறு காலியா இருக்கோணும்னு நர்சு சொன்னதுக்கு, எனக்கே சொல்லித்தாறயா கண்ணுன்னு சிரிச்சா. வெடியால குளிச்சுப்போட்டு, வெரதத்துக்குக் குடிக்கற மாதிரியே ஒரு டம்ளர் பாலு, ஒரு பூவம்பழம். அதெல்லாம் வெரதத்துக்கு ஆகுமில்லீங்களா, அவ நெனப்பு அது. டாக்டரு கேட்டுப்போட்டு, இன்னைக்கு ஆகாது, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாரு.

இந்த வாட்டி உடுவாளா. எச்சியக்கூட முழுங்காம துப்பிட்டுத்தான் உள்ள போனா.

ஆச்சுங்க, காலைல முடிஞ்சுது. அதா, கடைசிக் கட்டல்ல கெடக்கறாளே, அவதான். வாந்தி நிக்கல. மயக்க மருந்து தெளியறப்ப சில பேருக்கு அப்படித்தானாமா. உள்ள என்ன இருக்குது வர்றதுக்கு, வெறும் பித்தத்தண்ணி. எம் பொண்ணு வவுத்துல இருந்தப்பகூட அவ இப்படி ஓங்கரிச்சதில்லீங்க. நாந்தான் தட்டு புடிச்சேன். வாயத் தொடச்சு உட்டேன். கண்ணத் தொறக்காமயே கேக்கறா, ஏனுங்க, இந்த வாட்டி நான் சுத்தமா இருந்தனல்லொன்னு. இருந்தே, ஒரு சொட்டுகூட இல்லன்னேன். அதான் நல்லபடியா முடிஞ்சுதுன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

நல்லபடியாவா? நீங்களும் அதையே கேக்கறீங்க.

சீக்கிரமா முடிஞ்சுது. மத்தியானம் ஆயிரும்னாங்க. நான் கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாரேன், டாக்டரு வெளிய நிக்கறாரு. தொறந்து பாத்துட்டு அப்படியே தெச்சுட்டாங்களாமா. எல்லாப் பக்கமும் பரவிக் கெடக்குதாமா. போன வாரமே பண்ணியிருந்தா கொணமாயிருக்குமுங்களா, அந்தப் பாலாலயான்னு கேட்டேன். பெரியவரே, இது ஒரு வாரத்துல வந்ததில்ல, பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னாரு. எனக்குப் புரிஞ்சுது. அவளுக்குச் சொன்னா அந்த டம்ளரத்தான் புடிச்சுக்குவா. கடைசி வரைக்கும் உடமாட்டா. அதனால இன்னும் சொல்லல.

நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க. உங்கம்மாவுக்கு ஒண்ணுமாகாது. போங்க, கூப்புடறாங்க பாருங்க.

தம்பி, அந்த எளநிய இங்கியே வெச்சுட்டுப் போங்க. வாந்தி நின்னதும் இவளுக்குக் குடுக்கறேன். இனி எது கேட்டாலும் குடுங்கன்னுட்டாங்க.