நாலாவது கிளட்ச் பிளேட்

— முதல் பிளேட்டு போன வருஷம் மாட்டினேனா, அதுக்கு முந்தின வருஷமான்னு சரியா ஞாபகமில்ல சார். மத்த ரெண்டும் இந்த வருஷம். அது மட்டும் சத்தியம்.

— பழைய கதை எதுக்குப்பா? நாலாவது கிடைச்சுதா இல்லையா, அதச் சொல்லு.

— கிடைச்சுது. இந்தாங்க, பிடிங்க.

— என்னப்பா இது, தடவினா சுத்தி நம்பர் தட்டுப்படுது?

— சுவர்க் கடிகாரம் சார். ஒரு ஜீப்பு வெறியன், பிளேட்டுல முள்ளு வெச்சு ஹால்ல மாட்டியிருந்தான். பத்தரை காட்டிட்டு இருந்துச்சு. கால்ல விழாத குறையாக் கெஞ்சி, பதிலுக்கு ஒரு புதுக் கடிகாரம் வாங்கி மாட்டிட்டு, இதைத் தூக்கிட்டு வந்தேன்.

— நடு ஓட்டையில பல்லு எண்ணினியா? நம்ம வண்டிக்குப் பத்து இருக்கணும்.

— பத்து. ரெண்டு தடவை எண்ணிட்டேன். இந்த ஜீப்பைச் செஞ்ச கம்பெனிக்காரனே இதை மறந்துட்டான் சார். அடுத்தது வேணும்னா நான் மியூசியத்துலதான் திருடணும்.

— திருடு. உன் மூஞ்சிக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்.

— கிண்டல் இருக்கட்டும். சர்வேயர் வேலைல முப்பத்தஞ்சு வருஷம் இதே வண்டில மலை மலையா ஏறி அளந்தீங்க. அப்பல்லாம் ஒரு பிளேட்டு பத்து வருஷம் தாங்கும். இப்ப மாட்டின ஈரம் காயறதுக்குள்ள கருகுது. சத்தியமாக் கேக்கறேன், உங்க இடது காலுக்கு என்ன கேடு?

— என் காலைப் பத்திப் பேசாதே. பூ மாதிரி மிதிப்பேன், புரியுதா?

— பூவா! கழட்டி வெச்சிருக்கேன், பாருங்க. வெந்து வளைஞ்சு போச்சு. மேல புதுசா லைனிங் ஒட்டி ஓட்டக்கூட லாயக்கில்ல. இது புதுசா வண்டி கத்துக்கறவங்க வேலை சார். சீட்டு வேற முன்னாடி இழுத்திருக்கு. சீட்டுக்கு அடியில ரெண்டு கொண்டை ஊசி. உங்க தலைல குத்த எங்க இடமிருக்கு?

— மெதுவாப் பேசுடா! அவ உள்ளதான் இருக்கா.

— அம்மாவா?

— கல்யாணமான புதுசுல நான்தான் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு இறங்கி நடந்தவதான். நாப்பது வருஷமா ஸ்டீயரிங்கைத் தொட்டதில்ல. இப்ப ஆறு மாசமா, நான் தூங்கறேன்னு நெனச்சு, விடிஞ்சும் விடியாம ஷெட்டுக்கு வந்து ஸ்டார்ட் பண்றா. அரை மணி நேரம் இஞ்சின் சத்தம் கேக்கும். நான் குறட்டை விட்டுக்கிட்டே கேப்பேன்.

— நேரா கேட்டுட வேண்டியதுதானே?

— கேட்டா ரோஷம் வந்து விட்டுடுவா. கத்துக்கட்டும்ப்பா. எனக்குக் கண்ணு... புகை படிஞ்ச கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. எதிர்ல லாரி வருதா, மரம் நிக்குதான்னு கிட்டப் போய்த்தான் தெரியுது. அவகிட்ட சொல்லிடாதே, புரியுதா?

— அதுக்குத்தான் பிளேட்டு மேல பிளேட்டா வாங்கிக் குடுக்கறீங்களா? ஆனா சார், ஷெட்டு வாசல்ல டயர் தடம் ஒண்ணையும் காணோமே.

— விளக்கமாத்தால கூட்டி அழிச்சிடுவா. கெட்டிக்காரி! மத்தியானத்துக்குள்ள மாட்டிடு. நாளைக்குப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறோம். மலை ரோடு, பதினோரு வளைவு. அவ கையில சாவியக் குடுத்துட்டு நான் பக்கத்து சீட்டுல ஜம்முனு உக்காரப் போறேன். இரு, உள்ள போய் சாவிய எடுத்துட்டு வரேன்.

— சார், அது ஜன்னல். கதவு இந்தப் பக்கம்.

— தெரியும்ப்பா!

— தெரிஞ்சா சரி.

— தம்பி, போயிட்டாரா அவரு?

— அய்யோ அம்மா! பின்னாடியிருந்து இப்படியா வந்து உயிரை வாங்குவீங்க?

— கையில என்ன அது?

— பிளேட்டும்மா. நாலாவது.

— நாசமாப் போச்சு! உலகத்துல எங்கயும் கிடைக்காதுன்னு அடிச்சுச் சொன்னியேடா பாவி! ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு சொல்றே. உன் பேச்சை நம்பித்தானே மூணையும் கருக்கித் தொலைச்சேன்!

— வேணும்னேவா கருக்கினீங்க?

— பின்ன, பொழுது போகாமயா? அந்த மனுஷனுக்குக் கண்ணு அவுட்டு. கொடியில காயற போர்வையப் பாத்து, "வாங்க, உக்காருங்க"ங்கறாரு. வண்டி ஓடினா அவருதான் ஓட்டுவேன்னு நிப்பாரு. கண்ணு தெரியலையேன்னு நான் சொன்னா மூணு நாள் சோறு இறங்காது. சாவிய ஒளிச்சா வீட்டையே பிரிச்சுப் போட்டுடுவாரு. வண்டியே படுத்துட்டா யாரு மேலயும் பழி இல்ல பாரு. நீ என்னடான்னா குப்பைமேடு குப்பைமேடாத் தோண்டி எடுத்துட்டு வந்து நிக்கறே!

— அம்மா, இதுக்கா இவ்வளவு பாடு? சிரிக்காம கேளுங்க. சாருக்கே தெரியும் கண்ணு போச்சுன்னு. ஸ்டீயரிங்கை இனிமே தொடறதா இல்ல அவரு. இத்தனை பிளேட்டும் உங்களுக்காகத்தான்.

— எனக்கா? எனக்கு எதுக்குடா?

— நாளைக்கு மலைக்கு நீங்கதான் ஓட்டப் போறீங்க. அவரு பக்கத்துல உக்காந்துட்டு வருவாரு. பொண்ணுகிட்டயும் போன்ல சொல்லியிருப்பாரு, அவ்வளவு சந்தோஷம். ஆறு மாசமா விடியக்காலைல நீங்க பழகறதக் குறட்டை விட்டுக்கிட்டே கேட்டிருக்காரும்மா!

— அட கடவுளே. யாரு பழகினா?

— நீங்கதானே தினம் ஸ்டார்ட் பண்ணி...

— ஏம்ப்பா! சாவி கிடைச்சிடுச்சு! அவ எங்க? அவள ஷெட்டுக்குக் கூப்பிடு!

— சார் வராரும்மா. மத்தியானம் பிளேட்டு மாட்டினதும் ஒரு அடி ஓட்டிக் காட்டிடுங்க, மனுஷன் குளிர்ந்து போயிடுவாரு.

— ஓட்டறதா? வண்டிய நகர விடாம கியரைப் போட்டு, கிளட்ச்சைப் பாதி மிதிச்சுக்கிட்டே இருந்தா தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கருகிடும்னு நீ ஒரு நாள் வாய் விட்டே, அது ஒண்ணுதான் தம்பி எனக்குத் தெரியும். இந்த வண்டியோட ஹேண்ட் பிரேக்கை நான் ஒரு நாளும் இறக்கினதில்ல.