அக்காவின் வயிற்றில் ஒளிர்ந்த புள்ளிகள்

தலைமை ஏற்றிருக்கும் பணிமனைத் தலைவர் அவர்களே! பணி நிறைவு பெற்றும் பாசம் நிறைவு பெறாத பெரியோர்களே! விடியுமுன் சமைத்து, விடிந்ததும் வண்டி எடுக்கும் தாய்மார்களே! இடமின்றிப் படியில் நிற்கும் தம்பிமார்களே! உங்களுக்குப் படிக்கட்டுப் பயணம் புதிதா என்ன? வணக்கம்.

என் அக்காவைப் பற்றிப் பேச வந்தேன். இந்தப் பணிமனையில் பேருந்து ஓட்டிய முதல் பெண். குலுங்காமல் நிறுத்துவார் என்று நீங்கள் 'பஞ்சு பிரேக்' எனப் பட்டம் சூட்டினீர்களே, அவரேதான்! கைதட்டலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் ஐயா!

வயிறு உப்பியது, வாயு என்றோம். இடுப்பு வலித்தது; இருக்கை சரியில்லை என்றோம். சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது வயிறெங்கும் பரவியிருந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், போனது, திரும்பி வந்தது. மறுபடி மருந்து, மறுபடி வந்தது. முடி போனது, பசி போனது; அக்காவின் வாய்த்துடுக்கு மட்டும் போகவேயில்லை!

அப்போது டாக்டரம்மா சொன்னார்: "ஆராய்ச்சியில ஒரு சிகிச்சை இருக்கும்மா. நோய் செல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கிற ஆன்டிபாடின்னு ஒரு எதிர்ப்புரதம், அதுல கதிர்வீச்சுப் பொருளைக் கட்டி அனுப்புவோம். ஒட்டின இடத்துலயே சுடும்."

"அப்ப நடுவுல நிக்காத வண்டின்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

"கல்லீரல்ல கொஞ்சம் இறங்கும். ரத்தமும் குறையும். குணமாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"பண்ணாதீங்க. பலிச்சா எனக்கு. பலிக்கலைன்னா, பின்னால வர்றவளுக்குப் பாதையாவது தெரியுமில்ல?"

தோழர்களே, வீரம் என்பது வேறென்ன?

ஈயத் தடுப்பு வைத்த அறை. சொட்டுச் சொட்டாக மருந்து. நர்ஸம்மாகூட வேலை முடிந்ததும் விலகி நின்றார். கதவோரம் நான் அழுதேன். "கிட்ட வராதடி, நான் இப்ப எரியிற அடுப்பு!" என்று சிரித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

சில நாள் கழித்துப் படம் எடுத்தார்கள். இருண்ட திரையில் அக்காவின் உடல். அதற்குள் புள்ளி புள்ளியாய் ஒளி!

"என்ன டாக்டர் இது?"

"மருந்துதான். நோய் ஒளிஞ்சிருக்கிற இடமாப் பாத்துப் போய் உக்காந்திருக்கு."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் பிடித்ததை என் கண்ணால் கண்டேன்! எந்தக் கை செலுத்தியது அதை? எந்தக் கண் வழிகாட்டியது அதற்கு? மனித அறிவே, உன்னை எப்படி வணங்குவேன்!

ரத்தம் குறைந்தது, எழுந்து நிற்கவே வாரங்கள் ஆயின. அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகளில் பாதிக்குமேல் காணோம், மிச்சம் சுருங்கியிருந்தது. முற்றிலும் போனதா? இல்லை. பொய் சொல்லிக் கைதட்டல் வாங்க நான் வரவில்லை.

என்னம்மா கேட்கிறீர்கள்? அக்கா ஏன் வரவில்லையா? மறுபடி வேலைக்குத் திரும்பிவிட்டாரே! மாலை வண்டிக்கு ஆள் இல்லை என்றார்கள்; எடுத்துக்கொண்டு போய்விட்டார்!

தாய்மார்களே, உப்பிய வயிற்றை வாயு என்று நீங்களே தீர்ப்பெழுதாதீர்கள், டாக்டரைப் போய்ப் பாருங்கள். பொறுமையாய்க் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. வீடு திரும்பும் வழியெல்லாம் நலமே அமைய வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்!