லோரி வந்துருச்சு

தாப்பாவிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் அக்காவும் தங்கையும். அடுத்த வாரம் தங்கைக்கு ஜெனிவாவில் வேலை தொடங்குகிறதாம், ஏதோ அனைத்துலக அமைப்பில்.

"அக்கா, எஸ்டேட்ல பள்ளிக்கூட லோரிக்கு என்னை எழுப்புவியே, அதே மாதிரி ஒரு தடவ கத்து. போன்ல அலாரமா வச்சிக்கிறேன்."

"பைத்தியமா? பஸ் பூரா ஆளு இருக்குலா."

"அங்க என்னை எழுப்ப யாரு இருக்கா?"

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே ரப்பர் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. பிறகு போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"ஏய், எந்திரிடி! லோரி வந்துருச்சு!"

பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நரைத்த தலை அம்மா ஒருவர் பதறி எழுந்து செருப்பைத் தேடினார்.

"நிக்கச் சொல்லு, நிக்கச் சொல்லு! வந்துட்டேன்!"