வெள்ளிக்கிழமை ஆறு மணி

— கூட்டத்துக்கு வேற நாள்ல ஹால் கிடைக்கலன்னு சொன்னீங்களே நெவில், நான் பாலினுக்குப் போன் போட்டேன். ஹால் சாவி அவகிட்டதான இருக்கு. செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் காலியாத்தான் கெடந்துச்சாம்.

— உள்ள வந்ததும் ஆரம்பிச்சிட்டியா ஹெட்டி கண்ணு? ஒரு டீயாவது குடு.

— கெட்டில் அங்க இருக்கு, நீங்களே போட்டுக்குங்க. பத்தொம்பது வருஷமா இந்த அடுப்படி உங்களுக்குத் தெரியாததா? வெள்ளிக்கிழமைதான் வேணும்னு ஒருத்தர் கேட்டாராம். யாரு அது?

— கிளைச் செயலாளர்னு எனக்குப் பேருதான். எல்லாத்தையும் நானா முடிவு பண்றேன்?

— பேச்ச மாத்தாதீங்க. டிசம்பர்ல லீட்ஸ்ல நாலு மணிக்கே இருட்டிப்போகுது. வெள்ளிக்கிழமை இருட்டினா யூதருக்கு ஓய்வுநாள், வெளிய வேலை வெட்டி கிடையாதுன்னு உங்களுக்கா தெரியாது? எனக்கு மறுபடி எம்.பி. சீட்டு குடுக்கலாமா வேணாமான்னு ஓட்டுப் போடுற கூட்டம். அதுல நான் இருக்கக் கூடாதுன்னு யாரு நெனச்சது?

— சரி. நான்தான் கேட்டேன்.

— கேட்டது யாருன்னு பாலின் சொல்லல. ஆனா எனக்குத் தோணுச்சு.

— முழுசாக் கேளு. யூதரக் கேவலமாப் பேசினவங்களக் கட்சி கண்டுக்கலன்னு பேப்பர்ல சொன்னியே, நம்ம கிளையில பாதிப் பேரு கொதிச்சுப் போயிருக்காங்க. வந்தா தோத்துருவ கண்ணு. வராம இருந்தா, ஓய்வுநாள்ல வச்ச ஓட்டு செல்லாதுன்னு லண்டன்ல கட்சித் தலைமைக்கு மனு போடலாம். உனக்காகத்தான் பண்ணேன்.

— நான் என்னைக்கு ஓய்வுநாள் பார்த்தேன்? எங்கம்மா வெளக்கேத்தி, சூப்ப மூடி வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. நான் உங்களோட மழையில நோட்டீஸ் குடுத்துக்கிட்டு இருப்பேன். ஊருக்கே தெரியும். அந்த மனு எப்படி நிக்கும்?

— இன்னைக்கு மட்டும் ஏத்திட்டு வீட்டோட இரு. மெழுகுவத்தி நானே வாங்கியாந்துட்டேன்.

— ரொம்ப அக்கறையா இருக்கே. கையத் தூக்கித்தான ஓட்டு, நான் வந்தா நீங்க எந்தப் பக்கம் தூக்குவீங்க?

— அதெல்லாம் கேக்காத.

— கேக்கறேன்.

— அந்தப் பேட்டிய நீ குடுத்திருக்கக் கூடாது. நாப்பது வருஷமா என் கட்சி அது. உனக்கு எதிராத்தான் தூக்குவேன்.

— அப்ப மனு?

— நிக்காதுன்னு எனக்கும் தெரியும். உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டுக் கையத் தூக்க என்னால ஆகாது கண்ணு. அதான் வெள்ளிக்கிழமை கேட்டேன்.

— எங்கம்மா அடக்கத்துல எனக்குக் குடை பிடிச்ச ஆளு நீங்க. எனக்கு அழுகை வருது, ஆனா உங்க முன்னாடி அழ மாட்டேன். எங்க, அந்த மெழுகுவத்தியக் காட்டுங்க.

— இந்தா.

— கண்ணாடிக் கிளாஸ்ல இருக்கு. எங்க வாங்கினீங்க இத?

— சூப்பர்மார்க்கெட்ல, யூதர் சாமான் வச்சிருக்கற தட்டுல. ஒரு நாள் முழுக்க எரியும்னு போட்டிருந்துச்சு, நல்லதாச்சேன்னு எடுத்தேன்.

— ஓய்வுநாளுக்கு ரெண்டு சாதா மெழுகுவத்திதான் ஏத்துவோம் நெவில். இது செத்தவங்க நெனவுநாளுக்கு ஏத்தறது.

— அடடா, தெரியாம எடுத்துட்டேன். குடு, மாத்திட்டு வந்துடறேன்.

— வேணாம், நம்ம பத்தொம்பது வருஷத்துக்குச் சரியானதத்தான் வாங்கியிருக்கீங்க. இத ஏத்தி வச்சிட்டு ஆறு மணிக்கு வரேன். முன் வரிசையிலதான் உக்காருவேன், கைய நல்லா ஒசரத் தூக்குங்க.